ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஓர் இறைப்பணி



பாபிலோனிய அடிமை வாழ்வு முடிந்து தாயகம் திரும்பிய இஸ்ரயேல் மக்கள், எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு எதிரே இருந்த வளாகத்தில் ஒன்றுகூடியதை நெகேமியா நூல் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய வயதுடைய அனைவரும் அங்கே நின்றார்கள். மறைநூல் அறிஞரான எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல்வரை திருச்சட்ட நூலை வாசித்தார். எல்லாரும் தன்னைக் காணும்படி, அதற்கென்றே செய்யப்பட்ட ஒரு மர மேடையின்மேல் அவர் நின்றார். லேவியர் மக்கள் நடுவே இருந்து, தெளிவாக வாசித்துப் பொருளையும் விளக்கினார்கள். கேட்ட மக்கள் அழுதார்கள்.

இந்தப் பகுதியில் ஒரு சிறு செய்தி நம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறது. அந்த மர மேடையைச் செய்தவர்கள் யார்? எஸ்ராவின் வலப்புறமும் இடப்புறமும் நின்றவர்களின் பெயர்களை எல்லாம் விவிலியம் வரிசையாகத் தருகிறது. மேடை செய்த தச்சர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்கள் அந்தப் பலகைகளைச் சரியாகப் பொருத்தாமல் இருந்திருந்தால், பின்வரிசையில் நின்ற ஒரு தாய்க்கு எஸ்ராவின் முகமும் தெரிந்திருக்காது, குரலும் கேட்டிருக்காது.

இன்று நம் பங்குகளில் மைக்கை ஒழுங்குசெய்கிறவர், திரையில் பாடல் வரிகளை மாற்றுகிறவர், கேமராவைப் பிடித்து நிற்கிறவர், தேர்பவனியின்போது தோளில் வயரைச் சுமந்து நடக்கிற இளைஞர் ஆகியோரெல்லாம் அந்தத் தச்சர்களின் வழிவந்தவர்கள். இவர்களுடைய பணி எத்தகையது? இவர்களை எவ்வாறு வழிநடத்துவது? கருவிகளை எதுவரை பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது? இக்கேள்விகளைச் சற்றுச் சிந்திப்போம்.

திருஅவையும் தொடர்புக் கருவிகளும்

தொழில்நுட்பம் திருஅவைக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. வானொலியின் முன்னோடியான மார்க்கோனியின் உதவியோடு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். 1948ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலி, பாரிஸ் நகரின் நோத்ரு தாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 1252ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த கிளாரா, ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டு கேட்டார் என்று கூறப்படுவதே இதற்குக் காரணம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இன்னொரு பொருத்தம் உண்டு. திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கமும், சமூகத் தொடர்பு ஊடகங்கள் பற்றிய விதித்தொகுப்பும் ஒரே நாளில், 1963 டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்டன. திருவழிபாடு பற்றிய ஏட்டின் 20ஆம் எண், திருவழிபாட்டை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலி, ஒளிபரப்பும்போது அது பொருத்தமான மதிப்போடு நடைபெற வேண்டும், ஆயர்கள் நியமித்த தகுதியான ஒருவரின் வழிகாட்டுதலில் நடைபெற வேண்டும் என்கிறது. கருவிக்கு வரவேற்பும், கருவிக்கு வரம்பும் அந்த நாளிலேயே சேர்ந்து பிறந்துவிட்டன.

நம் காலத்திலும் அப்படியே. கணினியை நற்கருணைப் பக்திக்குப் பயன்படுத்தி, நற்கருணைப் புதுமைகள் பற்றிய இணையதளத்தை உருவாக்கி, 2006இல் 15 வயதில் இறந்த கார்லோ அக்குதிஸை, 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ புனிதராக அறிவித்தார். கணினி முன் அமரும் நம் இளையோருக்கு இதைவிட அருகில் வேறு எந்தப் புனிதர் வேண்டும்?

முதலில் காதுக்குக் கேட்கட்டும்

ஊடகப்பணி என்றதும் பல பங்குகளில் கேமராவும் பெரிய திரையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. முதலில் கவனிக்க வேண்டியது ஒலி. நம்பிக்கை கேள்வியால் வருகிறது என்று பவுலடியார் உரோமையருக்குச் சொல்கிறார். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 311ஆம் எண், இறைமக்கள் குருவையும் வாசகரையும் காண்பதோடு, இன்றைய தொழில்நுட்ப வசதிகளின் உதவியால் அவர்கள் சொல்வதைச் சிரமமின்றிக் கேட்கவும் ஆவன செய்ய வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே நல்ல ஒலி அமைப்பு ஆடம்பரச் செலவு அல்ல. இறைவார்த்தைக்கு நாம் செய்யும் கடமை அது.

உயர்ந்த கூரை, சலவைக்கல் தரை, வெறும் சுவர் என்றிருக்கும் நம் ஆலயங்களில் குரல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. எதிரொலி மிகும்போது முதலில் காணாமல் போவது நம் மொழியின் வல்லின ஓசைகளே. உயிரோசை நீண்டு முழங்கும். க, ச, ட, த, ப போன்றவை கரைந்துவிடும். சத்தம் காதை நிறைக்கும், சொல் மனத்தை எட்டாது. இதற்குச் சத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல. கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும். பீடத்தருகே இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வைத்து உரக்க ஒலிக்கச் செய்வதைவிட, தூண்களில் ஆங்காங்கே சிறிய ஸ்பீக்கர்களை மக்களுக்கு அருகில், மக்களை நோக்கிச் சற்றுச் சாய்த்து, குறைந்த ஒலியில் வைப்பது மேலானது. வாசகத்திற்கும் மறையுரைக்கும் மிக்சரில் 'பேஸ்' அளவைச் சற்றுக் குறைத்தாலே சொற்கள் தெளியும்.

நீண்ட ஆலயங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. மின்சாரமோ கணப்பொழுதில் போய்விடுகிறது. 34 மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முதலிலும், முன்புற ஸ்பீக்கரின் ஒலி பத்தில் ஒரு நொடி கழித்தும் வந்து சேரும். ஒரே சொல் இரண்டாகக் கேட்பதற்கு இதுவே காரணம். பின்புற ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் ஒலியைச் சிறிதளவு தாமதப்படுத்தும் வசதி இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் பங்கில் இருந்தால் போதும்.

'கீ' என்ற அந்தக் கூச்சல் நாம் எல்லாரும் அறிந்ததே. ஸ்பீக்கரிலிருந்து வெளிவரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் அது உண்டாகிறது. ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், மக்கள் பக்கம் இருக்கட்டும். பயன்படுத்தாத மைக்குகள் அனைத்தும் மூடியிருக்கட்டும். பேசுகிறவர் மைக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில் நின்று பேசட்டும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைத் தட்டுவதையும் ஊதுவதையும் விட்டுவிடுவோம். அதற்கு ஒரு வாக்கியம் பேசினாலே போதும்.

இங்கே வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மைக் உங்கள் குரலைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. வாசகத்தை வீட்டிலேயே இருமுறை உரக்க வாசித்துப் பழகி வருகிற வாசகரே ஒலிக்குழுவுக்கு மிகப் பெரிய உதவி செய்கிறவர்.

திரையும் நேரலையும்

பாடல்களைத் திரையில் காட்டும் வழக்கம் நம் பங்குகளில் பரவியுள்ளது. பாடல் புத்தகம் இல்லாதவரும், புதிதாக வந்தவரும் சேர்ந்து பாட இது உதவுகிறது. இருப்பினும் சில நெறிகள் தேவை. ஒரு பக்கத்தில் நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம். பின்னணியில் அசையும் படங்கள் வேண்டாம். கடைசி வரிசையிலுள்ள முதியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க முடிகிறதா என்பதே எழுத்தின் அளவுக்கு அளவுகோல். தமிழ் எழுத்துகளை யூனிகோடு முறையிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் தயாரித்தவை வேறு கணினியில் திறக்கும்போது புரியாத குறிகளாக மாறிவிடும். திருவிழாத் திருப்பலிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

திருப்பீடத்திலிருந்து கவனத்தைப் பிரிக்காத இடத்தில் திரை அமைவது முக்கியம். வாசகங்களையும் திரையில் காட்டலாமா? காது கேளாதோர்க்கு அது பெரும் உதவி. மற்றவர்களோ வாசகரைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மறைமாவட்ட வழிகாட்டுதலைக் கேட்டு, பங்கின் தேவையை அறிந்து முடிவு செய்வதே நலம்.

நேரலைக்கு வருவோம். 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. அந்த ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவைப் பல குடும்பங்கள் கைப்பேசித் திரையின் முன்தான் கொண்டாடின. மார்ச் 27 அன்று மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸை உலகமே நேரலையில் கண்டது. ஒரு கைப்பேசியும் ஒரு முக்காலியும் மட்டுமே வைத்து நம் பங்குகளில் இளையோர் செய்த அந்தச் சேவை மறக்க முடியாதது.

அதே திருத்தந்தைதான் 2020 ஏப்ரல் 17 அன்று சாந்தா மார்த்தா இல்லத்தில் ஆற்றிய மறையுரையில், இறைமக்கள் ஒன்றுகூடாமல், அருளடையாளங்கள் இல்லாமல், திரைவழியாக மட்டும் வாழும் நிலை திருஅவையின் இயல்பு நிலை அல்ல என்று எச்சரித்தார். 2002இல் வெளிவந்த 'திருஅவையும் இணையமும்' என்ற ஏடும், இணையத்தில் காணும் உலகம் நற்கருணையில் கிறிஸ்துவின் உண்மையான உடனிருப்புக்கு ஈடாகாது என்று முன்னரே சொல்லியிருந்தது. ஆகவே நேரலை யாருக்கு என்பதில் தெளிவு வேண்டும். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு, அவரை விட்டு நகர முடியாத மகளுக்கு, ஞாயிறு விடுமுறை இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது ஒரு பாலம். நடந்து வரக்கூடியவருக்கு அது சாக்காகிவிடக் கூடாது. நேரலையைப் பார்க்கும் நோயாளியின் இல்லத்திற்கு அன்றைக்கோ மறுநாளோ நற்கருணையும் சென்று சேர்கிறதா? அப்போதுதான் அந்தப் பாலம் முழுமை பெறும்.

நேரலைக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

- ஆலயத்தினுள் கேட்கும் ஒலியும் நேரலைக்குச் செல்லும் ஒலியும் ஒன்றாக இருக்க முடியாது. கேமராவில் உள்ள மைக்கை நம்பாமல், மிக்சரிலிருந்து தனி இணைப்பு எடுத்து, அதைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.
- இணைய வேகத்தில் தரவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேரலைக்குத் தேவை பதிவேற்ற வேகம். தெளிவான முழு எச்.டி. படத்திற்கு ஏறத்தாழ 5 எம்.பி.பி.எஸ். தேவைப்படும். அதைப்போல் இருமடங்கு இருந்தால் தடை குறையும். கம்பிவழி இணைப்பே நம்பகமானது.
- படம் தடைபட்டாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி தடைபட்டால் திருப்பலியே அறுந்துவிடும். செலவு செய்ய ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் ஒலிக்கே செலவிடுங்கள்.
- மின்சாரம் போனால் மிக்சரும் இணையக் கருவியும் நிற்காதபடி ஒரு சிறிய யு.பி.எஸ். இருக்கட்டும்.

கருவி எங்கே நிற்க வேண்டும்?

திருப்பலி ஒரு கலைநிகழ்ச்சி அல்ல. மேடை, பார்வையாளர், இயக்குநர் என்ற எண்ணம் நமக்குள் நுழைந்துவிட்டால், வெளிச்சமும் ஒலியும் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் செபம் போய்விடும்.

குருவுக்குரிய மன்றாட்டுகளை, குறிப்பாக நற்கருணை மன்றாட்டை, குரு சொல்லும்போது வேறு மன்றாட்டோ பாடலோ கூடாது, இசைக்கருவிகளும் அமைதி காக்க வேண்டும் என்பது பொதுப் படிப்பினை 32ஆம் எண் தரும் விதி. எழுந்தேற்றத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் கீபோர்டில் மெல்லிய இசை ஓடவிடுவது பக்தியை வளர்க்கும் என்று நல்லெண்ணத்தோடு சிலர் செய்கிறார்கள். அந்த நேரத்தில் அமைதியே திருஅவை விரும்பும் இசை. அமைதி வந்தவுடன் மைக் கெட்டுவிட்டதோ என்று ஒலிக்குழுவினர் பதறத் தேவையில்லை! அதுவும் வழிபாட்டின் ஒரு பகுதியே. பதிவு செய்யப்பட்ட இசையை வழிபாட்டில் ஒலிக்கச் செய்வதை, திருவழிபாட்டுப் பேராயம் 1958 செப்டம்பர் 3 அன்று வெளியிட்ட அறிவுரை ஏடு தடைசெய்தது. குறுந்தகட்டில் ஒலிக்கும் பயிற்சி பெற்ற குரலைவிட, ஊர் மக்கள் சேர்ந்து பாடும் சாதாரணக் குரல் இறைவனுக்கு உகந்தது என்பதே அதன் உட்பொருள்.

கேமராவுக்கும் ஒழுக்கம் உண்டு. நற்கருணை வாங்குவோரின் முகத்தை அருகில் காட்டாதீர்கள். யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்பது ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாது. அடக்கத் திருப்பலியில் அழுகிற முகங்களைத் தேடிப் போகாதீர்கள். சிறுவர் சிறுமியரின் படங்களைப் பெற்றோர் அனுமதியின்றி இணையத்தில் ஏற்றாதீர்கள். எழுந்தேற்றத்தின்போது பீடத்தைச் சுற்றி நடமாடும் ஒளிப்படக்காரர், தாம் எடுக்கும் படத்தைக் காட்டிலும் பெரிய ஒன்றை மறைத்துவிடுகிறார்.

காலர் மைக் பற்றி ஒரு சிறப்பு எச்சரிக்கை. திருப்பலி முடிந்ததும் குரு அதை அணிந்தபடியே ஒப்புரவு அருளடையாளத்திற்கு அமர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒப்புரவின் இரகசியம் மீறப்படக் கூடாதது என்று திருச்சபைச் சட்டம் 983 கூறுகிறது. குரு மறந்தாலும் ஒலிக்குழு மறக்கக் கூடாது. இறுதி ஆசீர் முடிந்தவுடன் அந்த மைக்கை மிக்சரில் மூடுவதும், குருவிடமிருந்து திரும்பப் பெறுவதும் ஒருவருடைய பொறுப்பாகப் பெயரிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும்.

அடுத்து, நம் அயலார். திருவிழா நவநாள்களில் கோபுரத்தின்மேல் கட்டும் ஒலிபெருக்கி பிற சமயத்தவர் வீட்டிலும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அறையிலும், நோயாளியின் படுக்கையருகிலும் ஒலிக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு அவ்விதிகள் குறிக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். சட்டத்திற்கு அஞ்சி மட்டுமல்ல, அயலார் மீதுள்ள அன்பினாலும் நாம் இதைக் கடைப்பிடிக்கலாமே!

பெட்சலேல் காட்டும் வழி

இனி, இப்பணியைச் செய்கிறவர்களை நோக்குவோம். சந்திப்புக் கூடாரத்தை அமைக்க இறைவன் யூதா குலத்தைச் சார்ந்த பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்து, அவரை இறை ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது (விப 31:1-5). எதற்காக? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலைப்பாடு செய்ய, மணிகளைப் பதிக்க, மரத்தைச் செதுக்க! கைத்தொழில் திறமையும் ஆவியாரின் கொடை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தாண் குலத்தவரான ஒகொலியாபை அவருக்குத் துணையாக இறைவன் தந்தார். மேலும், மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வரத்தையும் இருவருக்கும் அளித்தார் (விப 35:34). திறமை, துணை, கற்பிக்கும் மனம். ஊடகப்பணிக் குழுவின் அடித்தளம் இந்த மூன்றும்தான்.

நடைமுறையில் நம் பங்குகளில் என்ன நடக்கிறது? எல்லாம் தெரிந்த ஓர் இளைஞர் இருப்பார். மிக்சர் அவர் கையில், யூடியூப் கடவுச்சொல் அவர் கைப்பேசியில், வயர் எங்கே போகிறது என்ற விவரம் அவர் தலையில். பங்குத்தந்தையும் எல்லாவற்றுக்கும் அவரையே அழைப்பார். திருமணம், அடக்கம், முதல் வெள்ளி, நவநாள் எதுவானாலும் அவரே. ஒருநாள் அவருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை கிடைக்கும். அவர் போன மறுவாரம் ஆலயம் ஊமையாகிவிடும். அல்லது வேலை கிடைப்பதற்கு முன்பே அவர் சோர்ந்து, மனம் புண்பட்டு, ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிடுவார். இரண்டாவதே பெரிய இழப்பு.

காலை முதல் மாலைவரை தனியாக அமர்ந்து மக்களுக்குத் தீர்ப்பு வழங்கிய மோசேயைப் பார்த்து, இப்படிச் செய்தால் நீரும் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள் என்று அவருடைய மாமனார் இத்திரோ சொன்னார் (விப 18:13-23). பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும்படியும் அறிவுரை கூறினார். மோசே அதைக் கேட்டார். நாமும் கேட்கலாம்.

1. ஒவ்வொரு பணிக்கும் இருவர். தெரிந்தவர் ஒருவர், கற்றுக்கொள்பவர் ஒருவர். மூத்தவர் செய்ய இளையவர் பார்க்கட்டும். பின்னர் இளையவர் செய்ய மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் சாதாரண நாள் திருப்பலியில் பழகட்டும், பிறகு ஞாயிறு, அதன்பின் திருவிழா.

2. மாதத்திற்கான பணிப் பட்டியல். யாருக்கு எந்த ஞாயிறு, எந்தத் திருப்பலி என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். தேர்வுக் காலத்தில் மாணவரை விடுவியுங்கள். 'முடியாது' என்று சொல்லும் உரிமை தன்னார்வலருக்கு உண்டு. அந்த உரிமை இருக்கும்போதுதான் அவருடைய 'ஆம்' மகிழ்ச்சியோடு வரும்.

3. எழுதி வைத்தல். எந்த வயர் எதற்கு என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். இயக்கும் முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி மிக்சர் அருகில் மாட்டுங்கள். கணக்குகளும் கடவுச்சொற்களும் பங்கின் பெயரில், பங்கு அலுவலகத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும்.

4. பெண்களுக்கும் முதியோருக்கும் இடம். கீபோர்டும் மிக்சரும் இளைஞர்களின் தனிச்சொத்து அல்ல. பொறுமையும் கவனமும் உள்ள இளம்பெண்கள், ஓய்வுபெற்ற மின் பணியாளர்கள், வானொலி பழுதுபார்த்துப் பழகிய பெரியவர்கள் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள். அழைப்பதற்கு ஆள் இல்லாததால்தான் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள்.

5. திருத்தம் தனியாக, பாராட்டு எல்லார் முன்பும். மைக் கூச்சலிட்டதும் பீடத்திலிருந்தே கடிந்துகொள்வதும், சபை முழுவதும் திரும்பிப் பார்ப்பதும் ஓர் இளம் உள்ளத்தை ஆண்டுக்கணக்கில் காயப்படுத்திவிடும். ஒலி நன்றாக இருக்கும் ஐம்பது ஞாயிறுகளில் யாரும் அவரை நினைப்பதில்லை. கெட்டுப்போன ஒரு ஞாயிற்றில் எல்லாரும் நினைக்கிறார்கள். இது நியாயமா? பிழையைத் திருப்பலிக்குப் பின், தோளில் கைபோட்டுப் பேசுவோம்.

6. ஆபத்தான வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள். கோபுரத்தில் ஏறுவது, மின்கம்பத்தின் அருகே வயர் இழுப்பது, ஜெனரேட்டர் இணைப்பது ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவர் கூலி பெற்றுச் செய்யட்டும். மழைக்காலத் தேர்பவனியில் ஈரத் தரையில் கிடக்கும் வயர் உயிரைப் பறிக்கக்கூடியது. தரை இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் எந்த ஒலி அமைப்பையும் இயக்க வேண்டாம்.

கேட்கச் செய்கிறவர் கேட்கிறாரா?

இவை அனைத்திலும் முக்கியமான ஒன்று இன்னும் இருக்கிறது. மறையுரை எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும்படி பார்த்துக்கொள்கிற இளைஞர் அந்த மறையுரையைக் கேட்டாரா? அவருடைய காதில் ஒலியின் அளவு கேட்கிறது, கூச்சல் வருமோ என்ற பயம் கேட்கிறது. இறைவார்த்தை கேட்கிறதா? பல ஆண்டுகள் இப்படிப் பணிசெய்து, ஒரு திருப்பலியில்கூட முழு மனத்தோடு பங்குகொள்ளாதவராக ஒருவர் மாறிவிடக் கூடும். ஆலயத்தின் உள்ளேயே இருந்து கொண்டு ஆலயத்திற்கு வெளியே வாழ்வது இதுதான். நாம் அவரைப் பயன்படுத்திக்கொண்டோமா, வளர்த்தோமா என்ற கேள்விக்கு ஒருநாள் ஆண்டவர் முன் நாம் பதில் சொல்ல வேண்டும்.

பெத்தானியாவில் மார்த்தா பற்பல பணிகளில் பரபரப்பாக இருந்தார். இயேசு அவருடைய பணியை வெறுக்கவில்லை, அவருடைய கலக்கத்தையே சுட்டிக்காட்டினார் (லூக் 10:38-42). ஆகையால் ஒரு திருப்பலியில் பணி செய்தவருக்கு, மாதத்தில் சில ஞாயிறாவது எந்தப் பொறுப்பும் இல்லாமல் குடும்பத்தோடு அமர்ந்து வழிபட வாய்ப்புக் கொடுங்கள். திருப்பலிக்குப் பத்து நிமிடத்திற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்து, குழுவாக நின்று சிறு செபம் சொல்லட்டும். அன்றைய நற்செய்தியை முந்தின நாளே வாசித்து வரட்டும். நற்கருணை வாங்க அவர்கள் செல்லும்போது அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்கென்று ஒருநாள் தியானம் வைப்பது புதிய மிக்சர் வாங்குவதைவிடக் குறைந்த செலவே!

பங்குத்தந்தையருக்கும் பங்குப்பேரவைக்கும்

அருட்பணியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். ஒருவர் வாங்கியதை அடுத்தவர் மாற்றுவதும், அந்த மாற்றத்தில் பழைய குழு ஒதுக்கப்படுவதும் நம் பங்குகளில் நடக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் தந்தையர் முதல் மாதத்தில் எதையும் மாற்றாமல், இருக்கும் குழுவினரை அழைத்துத் தேநீர் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கருவி வாங்கும்போது நன்கொடையாளரின் விருப்பம், கடைக்காரரின் ஆலோசனை ஆகியவற்றுக்கு முன், 'இதனால் யாருக்கு என்ன நன்மை?' என்று பேரவையில் கேளுங்கள். வாங்கும் செலவோடு பராமரிப்புச் செலவையும் வரவு செலவுத் திட்டத்தில் சேருங்கள். பெரிய பங்கைப் பார்த்துச் சிறிய கிளைக்கிராமம் ஏங்க வேண்டியதில்லை. நாற்பது குடும்பங்கள் உள்ள சிற்றாலயத்திற்கு ஒரு நல்ல மைக், இரண்டு ஸ்பீக்கர், பழகிய ஒரு வாசகர் போதும். சில நேரம் மைக்கே இல்லாமலும் போதும்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்:

- நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு ஞாயிறு முழுத் திருப்பலியையும் நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோமா?
- ஒலி, ஒளிப் பணியில் இருப்பவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? கடைசியாக அவர்களுக்கு எப்போது நன்றி சொன்னோம்?
- இப்பணியை நாம் யாருக்காவது கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோமா?
- முன்பு பணி செய்து, இப்போது ஒதுங்கியிருக்கும் ஒருவரை இந்த வாரம் சென்று சந்திக்க முடியுமா?

இயேசு கடலோரத்தில் படகில் ஏறி அமர்ந்து, கரையில் நின்ற பெருந்திரளுக்குக் கற்பித்தார் (மாற் 4:1). அந்தப் படகைக் கரையோரமாக அசையாமல் பிடித்திருந்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் விதைப்பவர் உவமையை அன்று மக்கள் கேட்டார்கள், இன்றுவரை நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெயர் தெரியாத அந்தக் கைகளைப் போலவே நம் பங்குகளில் உழைக்கும் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. அவர்களின் பணியால் மற்றவர் கேட்கும் அதே வார்த்தை, முதலில் அவர்கள் உள்ளத்தில் விழுந்து பலன் தருவதாக!